ஒரு டாக்டர் ‘போடு’ங்கிறார், இன்னொருத்தர் ‘வேண்டாம்’ங்கிறார். யாரை நம்ப?

கடையநல்லூரான் | 2025 ஜூன் 3, இரவு 9:40

அம்மாவுக்கு 82 வயசு. பிரஷர், சுகர் ரெண்டும் உண்டு. போன மாசம் படபடப்புன்னு கூட்டிட்டுப் போனப்ப ஈசிஜி எடுத்தாங்க. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், துடிப்பு தாறுமாறா இருக்கு, பக்கவாதம் வராம இருக்க ரத்தம் உறையாத மாத்திரை கட்டாயம்’னு ஹார்ட் டாக்டர் எழுதினார். எங்க குடும்ப டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துட்டு, ‘ரெண்டு தடவை விழுந்திருக்காங்க, இந்த வயசுல தலையில அடிபட்டா மூளையில கசிஞ்சுரும், ஆஸ்பிரின் போதும்’ங்கிறார். ரெண்டு பேருமே பழம் தின்னு கொட்டை போட்டவங்க. அதே அம்மா, அதே ஈசிஜி. அப்ப இது மருத்துவமா, ஜோசியமா? ஸ்பெஷலிஸ்ட்னு சொல்றவங்க அவங்கவங்க வாய்க்கு வந்ததைச் சொல்றாங்கன்னுதான் எனக்குப் படுது.

எக்கோரூம் | ஜூன் 3, இரவு 11:15

ஜோசியர் என்றால் கூச்சமே இல்லாமல் மூணு பேரிடம் கட்டம் காட்டுவோம். டாக்டர் விஷயத்தில்தான் ரெண்டாவது ஆளைப் பார்த்தால் ஏதோ துரோகம் செய்த மாதிரி நெளிவோம். கேட்டது நல்லது.

நான் இதயநோய் மருத்துவன். தென்மாவட்டத்து டவுன் ஒன்றில் ஓ.பி. பார்க்கிறேன். நேரில் பார்க்காத நோயாளிக்கு மருந்து சொல்வதில்லை, அதனால் உங்கள் அம்மாவுக்கு என்ன மாத்திரை என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்த ரெண்டு பேர் மண்டையிலும் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல முடியும். ஆளைப் பொறுத்து ரெண்டு பதிலையும் நானே சொல்லியிருக்கிறேன்.

ஹார்ட் டாக்டர் சாட்ஸ்-வாஸ்க் கணக்குப் போட்டிருப்பார், பக்கவாத ஆபத்துக்குப் புள்ளி போடுகிற முறை. வயது 75 ஆகிவிட்டால் 2 புள்ளி, பிரஷருக்கு 1, சுகருக்கு 1, பெண் என்றால் 1. அம்மாவுக்கு 5. இந்த அளவில் மாத்திரை இல்லாமல் விட்டால் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்திலிருந்து ஏழு பேருக்கு ஒரு வருஷத்துக்குள் பக்கவாதம் வரும். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாத மாத்திரைகள் அதில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். பதிலுக்கு, நூறு பேரில் ரெண்டு மூணு பேருக்கு அந்த வருஷத்தில் பெரிய ரத்தக்கசிவு வரலாம். பெரும்பாலும் வயிறு, குடல். மூளை அபூர்வம், ஆனால் வந்தால் மோசம்.

குடும்ப டாக்டரும் இந்தக் கணக்கை அறியாதவர் இல்லை. அம்மா பாத்ரூமில் விழுந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தவர் அவராகத்தான் இருக்கும். அது கண்ணில் நிற்கிறது.

எக்கோரூம் | ஜூன் 4, காலை 6:50

தூங்கி எழுந்ததும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. ‘ஆஸ்பிரின் போதும்’ என்பது நடுவழி மாதிரித் தெரியும். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, முழுசாகவும் போடவில்லை, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் இந்த நோயில் ஆஸ்பிரின் பக்கவாதத்தைத் தடுப்பது ஐந்தில் ஒரு பங்குதான். 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு ரத்தம் உறையாத புது மாத்திரைகளில் ஒன்றான அபிக்ஸபான் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் பக்கம் வருஷத்துக்கு நூற்றுக்கு 3.7 பேருக்குப் பக்கவாதம் போன்ற அடைப்பு, அபிக்ஸபான் பக்கம் 1.6. பெரிய ரத்தக்கசிவு 1.2க்கு 1.4, அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்தி எல்லாருக்கும் நல்ல மாத்திரையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ஆஸ்பிரின் எழுதினால் அமைதி கிடைப்பது டாக்டருக்குத்தான்.

எக்கோரூம் | ஜூன் 4, இரவு 10:30

‘அப்படின்னா எங்க டாக்டருக்கு விவரம் பத்தலைங்கிறீங்களா’ என்று கடையநல்லூரான் தனிச்செய்தியில் கோபப்பட்டிருக்கிறார். இல்லை தம்பி. இது படிப்பு விஷயமே இல்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு டாக்டரின் நோயாளி வார்ஃபரின் சாப்பிட்டு ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், அடுத்த மூன்று மாதம் அந்த டாக்டர் தன் மற்ற நோயாளிகளுக்கு அந்த மாத்திரையை எழுதும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம் குறைந்தது. சரி, மனுஷ இயல்பு. மறுபக்கம்தான் விசேஷம். வார்ஃபரின் கொடுக்காமல் விட்ட நோயாளிக்குப் பக்கவாதம் வந்தபோது? எந்த மாற்றமும் இல்லை. பழையபடியேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை. ரத்தம் கசிந்தால் ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷுவாலிட்டியிலிருந்து போன் எனக்குத்தான் வரும். சொந்தக்காரர் கையில் என் லெட்டர்ஹெட் இருக்கும். ‘இந்த மாத்திரை நீங்க எழுதினதுதானே?’ பக்கவாதம் வந்தால் அவர் நரம்பியல் வார்டுக்குப் போவார், என் கண்ணிலேயே படமாட்டார். ‘வயசாயிட்டு, என்ன செய்ய’ என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். மாத்திரை எழுதாமல் விட்டாயே என்று சண்டைக்கு வந்த ஒரு குடும்பத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் யூனிட் சீஃப் கைராசிக்காரர், படிப்பாளி. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அசிட்ரோம் (வார்ஃபரின் வகை மாத்திரைதான்) சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், ரத்த வாந்தி எடுத்து எங்கள் வார்டிலேயே போய்விட்டார். அதற்கப்புறம் யாருக்காவது ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) இரண்டரையைத் தொட்டாலே சீஃப் முகம் மாறிவிடும். 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கவேண்டியது என்று அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தவர். டோஸைக் குறைப்பார். யாருக்கும் எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. அந்த வருஷம் டோஸ் குறைந்தவர்களில் எத்தனை பேருக்குக் கை கால் விழுந்தது என்று எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

இதற்கு நான் கண்டுபிடித்த ஒரே வழி: ‘வேண்டாம்’ என்று அனுப்பியவர்களின் பெயருக்கும் தனி நோட்டு. எங்கள் ரிசப்ஷன் பொண்ணு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு ‘தாத்தா எப்படி இருக்காங்க’ என்று கேட்கும். கேட்டால்தான் தெரிகிறது.

எக்கோரூம் | ஜூன் 5, மதியம் 2:05

‘வார்ஃபரின் எலி மருந்தாமே, கூகுள்ல போட்டிருக்கு’ என்று வெண்ணிலவன் கேட்கிறார். ஆமாம், உண்மைதான். 1920களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகம் அதில் இருந்த வஸ்துவைப் பிரித்தெடுத்தது. அதன் வாரிசுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1955இல் மாரடைப்பு வந்த ஐசனோவருக்கே கொடுக்கப்பட்டது.

அமெரிக்க ஜனாதிபதியே சாப்பிட்டது என்று ஓ.பி.யில் எடுத்துவிடுவேன். ஒரு அண்ணாச்சி கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவரு விழுந்தா தாங்குறதுக்கு நாலு பேரு நிப்பான் சார். நமக்கு யாரு இருக்கா?”

எக்கோரூம் | ஜூன் 6, இரவு 11:40

அந்த அண்ணாச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. விழுவதைப் பற்றி எழுதுகிறேன்.

1999இல் ஒரு கணக்கு வந்தது. வார்ஃபரின் சாப்பிடும் முதியவர் ஒருவர் வருஷத்துக்கு 295 தடவை விழுந்தால்தான், மூளை உறையடியில் ரத்தம் கசியும் ஆபத்து மாத்திரையின் நன்மையைத் தாண்டும் என்று. எங்கள் ஆட்கள் மாநாடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நாளைக்கு ஒரு தடவை விழுந்தாலும் பரவாயில்லை என்பது போல.

விழுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக நிறுத்தாதே என்பதுவரை சரி. ஆனால் ஏன் விழுகிறார் என்று கேட்காமல் மாத்திரை மட்டும் எழுதினாலும் பாதி வேலைதான். போன வாரம் வந்த ஒரு பாட்டியை ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து கதவுவரை போய்விட்டு வரச் சொன்னேன். எழுந்தார், ரெண்டு எட்டு வைத்தார், மேஜையைப் பிடித்தார். உட்கார்ந்திருக்கையில் 150 இருந்த பிரஷர் நின்றதும் 118. மருமகளிடம் மாத்திரை டப்பாவைக் கேட்டேன். பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே பிரஷருக்கு மூன்று வகை, அதில் ரெண்டு ஒரே மருந்து வேறு வேறு கம்பெனி. நீர் மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துவந்திருக்கிறார்கள். பாட்டி இருட்டில் நாலு தடவை எழுந்து கொல்லைப்புறம் போகிறார். விழாமல் என்ன செய்வார்? டப்பாவின் அடியில் வெள்ளைப் பேப்பரில் மடித்த நாலைந்து மாத்திரை. “இது என்னதும்மா?”

“அது முட்டுவலிக்கு சார். மெடிக்கல்ல கேட்டா ஒரு செட்டு குடுப்பாக.”

டைக்ளோஃபெனாக். ரத்தம் உறையாத மாத்திரையோடு அதைச் சேர்த்துச் சாப்பிட்டால் குடலில் கசியாமல் இருப்பதுதான் அதிசயம். அன்றைக்கு நான் எழுதியதைவிட அடித்ததுதான் அதிகம்: இரட்டைப் பிரஷர் மாத்திரையில் ஒன்று போச்சு, நீர் மாத்திரை காலைக்கு மாறிற்று, செட் மாத்திரை குப்பைக்கு. பாட்டிக்கு ஒரு கண்ணில் புரை வேறு, கண் டாக்டருக்குச் சீட்டு. ரத்தம் உறையாத மாத்திரை பற்றி ரெண்டு வாரம் கழித்துப் பேசலாம் என்று அனுப்பினேன்.

கடினமான முடிவு என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. டப்பாவைக் கொட்டிப் பார்ப்பது.

எக்கோரூம் | ஜூன் 7, காலை 7:20

அந்த 295 பற்றி ராத்திரி யோசித்தேன். யாரும் விழுந்தவர்களை எண்ணி எடுத்த எண் கிடையாது. கிடைத்த தரவுகளை வைத்துக் காகிதத்தில் போட்ட கணக்கு. நினைவு தப்பியவர்கள், எலும்பும் தோலுமானவர்கள், ஏற்கெனவே மண்டையில் அடிபட்டவர்கள் ஆய்வுகளில் அதிகம் இருப்பதில்லை. அவர்களிடம் போய் 295 என்று சொல்வது அழகல்ல. கசிவுக்குப் பயந்து நடுங்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு அந்த எண்ணைச் சொல்வேன். நோயாளிக்குச் சொல்வதை விட்டுவிட்டேன்.

எக்கோரூம் | ஜூன் 7, காலை 7:35

மருந்தாளுநர் ஒருவர் கீழே சுட்டியிருக்கிறார், சரிதான்: ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024 வழிகாட்டுதலில் பெண் என்பதற்கான 1 புள்ளியை எடுத்துவிட்டது. அந்தக் கணக்கில் கடையநல்லூரான் அம்மாவுக்கு 4. முடிவு மாறாது. 2 வந்தாலே மாத்திரை என்பதுதான் அங்கே.

எக்கோரூம் | ஜூன் 9, இரவு 10:10

‘என் அக்காவுக்கு 44 வயசு. வால்வு சுருங்கியிருக்கு, அசிட்ரோம் சாப்பிடுறா. மாசாமாசம் ஐ.என்.ஆர். பார்க்க பஸ் ஏறி அலையுறா. முருங்கைக்கீரையை அறவே விடச் சொல்றாங்க. நீங்க சொல்ற புது மாத்திரைக்கு மாத்தச் சொல்லலாமா?’ — தென்காசி மல்லி.

மாற்றச் சொல்லாதீர்கள். நல்லவேளை கேட்டீர்கள்.

சின்ன வயதுத் தொண்டைப்புண்ணிலிருந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைச் சுருக்கிவிட்டு, அதனால் துடிப்பு தப்பினால் அது வேறு நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாத ஆபத்து பல மடங்கு. பணக்கார நாடுகளில் இது அருகிவிட்டது, அதனால் புது மாத்திரைகளின் பெரிய ஆய்வுகள் எல்லாம் இந்த நோயாளிகளைக் கழித்துவிட்டுத்தான் நடந்தன. புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானுக்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைக் கணக்கு வேண்டாம், நம் ஊருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதே என்று எங்களில் பலர் காத்திருந்தோம். இன்விக்டஸ் ஆய்வு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் 4,500 பேருக்கு மேல் சேர்த்து நடந்து 2022இல் வெளிவந்தது. பழைய மாத்திரை ஜெயித்தது. அந்தப் பக்கம் சாவு குறைவு, ரத்தக்கசிவும் கூடுதல் இல்லை. உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இதே கதை. டாபிகாட்ரான் என்ற இன்னொரு புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உறைவும் வந்தது, கசிவும் வந்தது, நடுவில் நிறுத்தினார்கள். திருவனந்தபுரத்துச் சித்ரா வால்வு வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அசிட்ரோமில் ஓடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். ராத்திரி அமைதியில் நெஞ்சுக்குள் டிக் டிக் கேட்கும் என்பார்கள்.

உங்கள் அக்காவின் பிரச்சினை பஸ்தான், மாத்திரை இல்லை. பிரஷர், சுகர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலில் வந்து கொடுக்கிறார்கள். ஐ.என்.ஆருக்கு இன்னும் டவுன்தான். பக்கத்து ஊர் லேபில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பலாமா என்று அவர் டாக்டரைக் கேளுங்கள், நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

முருங்கைக்கீரையை அறவே விடச் சொல்கிறார்கள் என்றீர்கள். விட வேண்டாம். கீரை கூடினால் அசிட்ரோமின் வேலை குறையும், அவ்வளவுதான். வாரத்துக்கு எவ்வளவோ அதை ஒரே சீராகச் சாப்பிட்டால் போதும். நாலு வாரம் விட்டுவிட்டு ஆடியில் மரம் தழைக்கிறது என்று தினம் பொரித்தால்தான் வம்பு.

எக்கோரூம் | ஜூன் 12, இரவு 11:55

யார் முடிவெடுப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஏட்டில், டாக்டரும் நோயாளியும் சேர்ந்து. ஓ.பி.யில், துபாயிலிருந்து மூத்த மகன் வீடியோ காலில், பக்கத்தில் உள்ளூர் மகள், இடையில் ‘எங்க அத்தைக்கும் இதே மாதிரி’ என்று ஒரு அத்தை. நோயாளி மட்டும் பேசுவதில்லை. கடைசியில் எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: “உங்க அம்மாவா இருந்தா என்ன சார் செய்வீங்க?” முன்பெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுவேன். இப்போது, “எங்க அம்மா நான் சொன்ன எந்த மாத்திரையைச் சாப்பிட்டாங்க?” என்று சிரித்துவிட்டு நோயாளி பக்கம் திரும்புகிறேன்.

“உங்களுக்கு எதுக்கு ஆச்சி பயம்?”

ஒரு ஆச்சி மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “செத்தா செத்துட்டுப் போறேன்யா. ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, மருமவ கையில பீ மூத்திரம் அள்ள வச்சிரப்படாது.” மாத்திரை எழுதினேன். கழிவறையில் கைப்பிடிக் கம்பி அடிக்கச் சொன்னேன். துபாய் மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

எல்லாரும் அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொரு பெரியவர், வயதும் கணக்கும் அதே. தம்பி மூளையில் ரத்தம் கசிந்து வென்டிலேட்டரில் கிடந்ததைப் பார்த்தவர். “அந்த மாத்திரை மட்டும் வேண்டாம் டாக்டர், வேற எதுன்னாலும் எழுதுங்க.” எண்களைச் சொன்னேன், மகளையும் வைத்துச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து மறுபடி கேட்டேன், அதே பதில். நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. எழுதச் சொல்லி மல்லுக்கட்டினால் வாங்கிப்போய் டப்பாவில் போட்டுவைப்பார், நான் சாப்பிடுகிறார் என்று நம்பிக்கொண்டிருப்பேன். அதற்கு இது மேல்.

எக்கோரூம் | ஜூன் 13, காலை 6:40

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, நோயாளி சொன்னதுதான் வேதவாக்கு என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ‘நீங்களே பார்த்துச் செய்யுங்க டாக்டர்’ என்பவர்களும் நிறைய. அவர்களிடம் எண்ணாக அடுக்கி ‘நீங்களே சொல்லுங்க’ என்று தள்ளிவிடுவது கை கழுவுகிற வேலை. அவர்களுக்கு நான் ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும், ஏன் சாய்கிறேன் என்றும் சொல்லவேண்டும்.

எக்கோரூம் | ஜூன் 15, மாலை 5:30

‘புது மாத்திரைதான் நல்லதுன்னா, எங்க தாத்தா பத்து வருஷமா வார்ஃபரின் சாப்பிடுறார், மாத்திரலாமா?’

ஐ.என்.ஆர். ஒழுங்காக நிற்கிறது, தாத்தா தளர்ந்துவிட்டார் என்றால், சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம். நெதர்லாந்தில் ஃப்ரெயில்-ஏஎஃப் என்று ஒரு ஆய்வு, 2023இல் வந்தது. 75 வயது தாண்டித் தளர்ந்துபோனவர்களில் பழைய மாத்திரையிலேயே விட்டவர்களைவிடப் புதியதுக்கு மாற்றியவர்களுக்குக் கசிவு கூடுதல். புதிதாகத் தொடங்குகிறவருக்கு எது என்பது ஒரு கேள்வி, ஓடிக்கொண்டிருப்பதை மாற்றலாமா என்பது வேறு கேள்வி. மருந்துக் கம்பெனிப் பையன்கள் ரெண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள்.

எக்கோரூம் | ஜூன் 16, இரவு 9:00

பல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், எரிச்சலாக இருக்கிறது. இன்று ஒருவர் பேச்சுக் குழறி, வாய் கோணி வந்தார். மார்ச்சில் பல் பிடுங்க மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். எந்த கிளினிக் என்று சொல்லப்போவதில்லை. திரும்ப எப்போது தொடங்குவது என்று சீட்டில் இல்லை. அவரும் ‘ஹார்ட் டாக்டர் சொன்னா சாப்பிடலாம்’ என்று காத்திருந்தார். மூன்று மாதம். ஒரு பல் பிடுங்குவதற்கும், சாதாரணப் புரை ஆபரேஷனுக்கும் பெரும்பாலும் நிறுத்தவே வேண்டியதில்லை. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால், நிறுத்துகிறவரே தொடங்கும் தேதியையும் அதே தாளில் எழுதட்டும்.

கடையநல்லூரான் | ஜூன் 19, இரவு 8:15

ரெண்டு டாக்டரையும் போன்ல பேச வெச்சுட்டேன் சார். எங்க குடும்ப டாக்டர் ‘விழுறதுக்கு நான் வழி பண்றேன், நீங்க மாத்திரையை முடிவு பண்ணுங்க’ன்னுட்டார். அபிக்ஸபான்னு முடிவாச்சு. வால்வெல்லாம் நல்லா இருக்குன்னு எக்கோ பார்த்துச் சொல்லிட்டாங்க. இப்ப புதுச் சண்டை: 5 மில்லிகிராமா, 2.5ஆ? ‘வயசானவங்க, பாதியே போடுவோம், சேஃப்’ங்கிறார் எங்க டாக்டர்.

எக்கோரூம் | ஜூன் 19, இரவு 10:45

ரெண்டு டாக்டர்களைப் போனில் பேச வைத்தீர்களே, அது எங்களுக்கே பல நேரம் முடிவதில்லை.

டோஸ் விஷயத்தில் பயத்துக்கு இடமில்லை, கணக்குதான். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.5 அல்லது மேல். மூன்றில் இரண்டு இருந்தால் 2.5 காலை, மாலை. ஒன்றுதான் இருந்தால் முழு டோஸ், 5. அதுவும் காலை, மாலை. காரணமில்லாமல் பாதி போட்டால் பக்கவாதத் தடுப்பு குறையும், கசிவு குறையும் என்று நம்பவும் முடியாது.

அம்மாவுக்கு வயது ஒன்று ஆயிற்று. நம் ஊரில் 82 வயது அம்மாக்கள் 60 கிலோ தாண்டுவது அபூர்வம், பெரும்பாலும் உங்கள் டாக்டர் சொன்ன 2.5தான் சரியாக வரும். ஆனால் அதை எடை பார்த்துச் சொல்லவேண்டும், வயதானவர் என்று பார்த்துச் சொல்லக்கூடாது. நீங்கள் முதல் நாள் போட்டதில் ஈசிஜி, பிரஷர், சுகர், விழுந்தது எல்லாம் இருக்கிறது, எடை இல்லை. கிரியாட்டினினும் இல்லை. நாளைக்கு ரெண்டையும் பார்த்துவிட்டு இங்கே போட வேண்டாம், எழுதித் தருகிற டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கிரியாட்டினின் பார்க்கணும். நடுவில் வயிற்றுப்போக்கு, வாந்தி என்று ரெண்டு நாள் படுத்தால் அந்த வாரமே.